தரை டிக்கெட்டின் தீர்ப்பு

“பேசாத படத்தை யார் உட்கார்ந்து பார்க்கப் போகிறார்கள்?” என்று கேட்டாள் என் மனைவி. கேள்வி நியாயமானதுதான். உள்ளங்கையில் அடங்கும் கருவிக்குள்ளேயே உலகத்துப் படங்களெல்லாம் பேசியும் பாடியும் ஆர்ப்பரித்தும் கொண்டிருக்கிற இந்த நாளில், நூறு வருஷத்துக்கு முந்திய ஊமைப் படம் ஒன்றைத் தேடி எடுத்து, அக்கம் பக்கத்து ஜனங்களைக் கூட்டி வைத்துக் காட்டுவதென்றால் அது கொஞ்சம் அசட்டுத்தனமாகத்தான் தோன்றும்.

ஆனால் காரியம் என் தலையில் விழுந்துவிட்டது. திருவொற்றியூரில் எங்கள் தெருவில் சிறு வாசகசாலை ஒன்று உண்டு. அதன் ஆண்டு விழாவில் மௌனப் படம் காட்டுவதென்று கமிட்டியார் தீர்மானித்தார்கள். “வாத்தியார் பட்டதாரி, சரித்திரம் போதிக்கிறவர், படத்தை அவரே பொறுக்கட்டும்” என்று ஏகமனதாக முடிவும் செய்துவிட்டார்கள். பார்க்க வருகிறவர்களோ பலதரப்பட்டவர்கள். கடற்கரைக் குப்பத்தார், துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் லாரி டிரைவர்கள், தொழிற்சாலைத் தொழிலாளிகள், அவர்கள் வீட்டு ஸ்திரீகள், குழந்தைகள், என்னைப் போன்ற சில உத்தியோகஸ்தர்கள். இத்தனை பேருக்கும் பொதுவாக எது நல்ல படம்? அதை யார் தீர்மானிப்பது? எந்த அளவுகோலைக் கொண்டு?

இக்கேள்விகளுக்கு விடை தேடப் போனபோதுதான், மௌனப் பட காலத்திலும் இவை மனிதர்களை வாட்டி எடுத்திருக்கின்றன என்று தெரிந்தது.

கொட்டகைக்காரரின் கணக்கு

சென்னையில் இந்தியர் ஒருவர் கட்டிய முதல் படக் கொட்டகை, 1914-ம் வருஷத்தில் ரகுபதி வெங்கையா நாயுடு ஆரம்பித்த ‘கெயிட்டி’. புகைப்படத் தொழிலில் இருந்த அவர், முதலில் படக் கருவியுடன் ஊர் ஊராகச் சென்று பர்மா, இலங்கை வரையில் படம் காட்டிவிட்டு வந்தவர். பின்னர் தங்கசாலைத் தெருவில் ‘கிரௌன்’ கொட்டகையையும், புரசைவாக்கத்தில் ‘குளோப்’ கொட்டகையையும் கட்டினார். மூன்றில் ஒன்றிலும் இன்று படம் ஓடுவதில்லை. ஆயினும் ராயபுரத்திலிருந்தும் வண்ணாரப்பேட்டையிலிருந்தும் நடந்து போகும் தூரத்தில் தங்கசாலையில் படம் ஓடியதென்பது வடசென்னை வாசிகளாகிய எங்களுக்குச் சற்றுப் பெருமையான விஷயமே.

அந்நாளையக் காட்சியை நேயர்கள் மனத்தில் கற்பனை செய்து பார்க்கவேண்டும். மாலையில் மாட்டு வண்டி ஒன்று தட்டிகளைக் கட்டிக்கொண்டு, வாத்திய கோஷத்துடன் தெருத் தெருவாகப் போகும். துண்டு நோட்டீஸுகளைப் பிடிக்கக் குழந்தைகள் பின்னால் ஓடுவார்கள். கொட்டகைக்குள்ளே முன்னால் வெறுந்தரை. அதற்குப் பின்னால் பெஞ்சு. அதற்கும் பின்னால் நாற்காலி. திரையின் பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டு, இடையிடையே தோன்றும் எழுத்துக்களை உரக்கப் படித்து, கதையையும் விளக்கிச் சொல்வார். ஹார்மோனியமும் தபலாவும் சமயத்துக்கேற்ப ஒலிக்கும். பல கொட்டகைகளில் படக் கருவி ஒன்றே ஒன்றுதான். ஆகையால் ஒரு சுருள் முடிந்து மறு சுருளை மாட்டும் வரையில் விளக்கைப் போட்டுவிடுவார்கள். அந்த இடைவேளைகளில் தரையிலிருந்து கிளம்பும் அபிப்பிராயங்கள்தாம் அக்காலத்து விமரிசனம்! பத்திரிகையில் அச்சேறும் விமரிசனத்துக்கு முன்னால் பிறந்த விமரிசனம் அது.

கொட்டகைக்காரர் அதை உற்றுக் கேட்டாக வேண்டும். படத்தை வாடகைக்கு எடுத்தவர் அவர். பிடிக்காவிட்டால் மறு நாள் காலி பெஞ்சுகளைப் பார்த்துக் கொண்டு நிற்கவேண்டியவரும் அவரே. அமெரிக்காவில் இந்தச் சங்கடத்துக்கு ஓர் உபாயம் கண்டுபிடித்தார்கள். சிகாகோ நகரில் கொட்டகைக்காரர்களுக்கென்று நடந்த பத்திரிகை ஒன்றில் 1916-ம் வருஷம் ஒரு பகுதியை ஆரம்பித்தார்கள். சிற்றூர்களிலும் பேட்டைகளிலும் கொட்டகை நடத்துவோர், தாங்கள் காட்டிய படம் தங்களுக்கு என்ன செய்தது என்று நாலு வரி எழுதி அனுப்புவார்கள். “கூட்டம் வந்தது, ஆனால் முகம் சுளித்துப் போனார்கள்” என்கிற ரீதியில் இருக்கும் அந்தக் குறிப்புகள். ஒவ்வொரு குறிப்பின் அடியிலும் ஊரின் பெயர், கொட்டகையின் பெயர், அங்கே வருகிறவர்கள் எத்தகையோர் என்ற விவரம் ஆகியவை இருக்கும். இந்தக் கடைசி விவரந்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ‘இது நல்ல படம்’ என்று மொட்டையாகச் சொல்வதில் அர்த்தமில்லை. ‘இன்னாரோடு உட்கார்ந்து பார்த்தபோது இது நல்ல படமாக இருந்தது’ என்பதல்லவா நேர்மையான சாட்சியம்?

ரங்காச்சாரியார் விசாரணை

நம் தேசத்தில் அப்படியொரு பத்திரிகைப் பகுதி பிறக்கவில்லை. அதற்குப் பதிலாக ஸர்க்கார் விசாரணை ஒன்று நடந்தது. அமெரிக்கப் படங்கள் இந்தியாவில் வெள்ளைக்காரரின் மதிப்பைக் குறைக்கின்றன என்ற கவலை பிரிட்டிஷாருக்கு. தங்கள் சாம்ராஜ்யப் படங்கள் விலை போகவேண்டும் என்ற ஆசையும் கூடவே உண்டு. 1927-ல் கமிட்டி ஒன்றை நியமித்தார்கள். அதற்குத் தலைவர் சென்னையில் புகழ் பெற்ற வக்கீலான திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார். கமிட்டி தேச முழுவதும் சுற்றி 353 சாட்சிகளை விசாரித்து, 1928-ல் அறிக்கை வெளியிட்டது.

எஜமானர்கள் எதிர்பார்த்ததை ரங்காச்சாரியார் கொடுக்கவில்லை. சாம்ராஜ்யப் படங்களுக்குச் சலுகை காட்ட அவசியமில்லையென்றும், ஆதரிப்பதானால் இந்தியப் படத்தொழிலை ஆதரிக்கவேண்டுமென்றும் அறிக்கை சொல்லிற்று. ஸர்க்கார் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

சாதாரண ஜனங்களுக்கு எது பிடிக்கிறது என்பதையும் கமிட்டியார் ஆராய்ந்தார்கள். இந்தியப் படம் கிடைத்தால் அதையே விரும்புகிறார்கள். மேல்நாட்டுப் படமானால் சண்டைத் தொடர்களும் ஹாஸ்யமும் வேண்டும் என்று தெரிய வந்தது. இந்தியாவிலேயே மிகவும் ஜனரஞ்சகமாக ஓடிய படம், டக்ளஸ் பேர்பாங்க்ஸ் நடித்த ‘பாக்தாத் திருடன்’ என்ற 1924-ம் வருஷத்துப் படம் என்றும் அறிக்கை குறித்திருக்கிறது. பாஷை தெரியாவிட்டால் என்ன? பறக்கும் கம்பளத்துக்கு உரை வேண்டுமா?

ஆயினும் ஒரு குறை. சாட்சி சொன்னவர்களில் பெரும்பாலோர் படித்தவர்கள், அதிகாரிகள், படத்தொழிலில் ஈடுபட்டவர்கள். தரை டிக்கெட்டுக்காரருக்கு என்ன பிடிக்கும் என்பதை நாற்காலிக்காரர் சொன்னார். இந்தக் குறையைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சில நாட்களில் அதே குறையை நானே செய்யப் போகிறேன் என்று அப்போது தெரியவில்லை.

இரண்டு அநீதிகள்

கொட்டகைக்காரருக்கும் மேலே இன்னொரு நீதிபதி இருந்தார். 1918-ம் வருஷத்துச் சட்டத்தின்படி பம்பாய், கல்கத்தா, சென்னை, ரங்கூன் நகரங்களில் தணிக்கைச் சபைகள் ஏற்பட்டன. சென்னைச் சபைக்குத் தலைவர் போலீஸ் கமிஷனர். திருடனைப் பிடிக்கிறவரே கலைக்கும் தீர்ப்பளித்தார்!

அதன் பலன் 1921-ல் தெரிந்தது. பம்பாய் கோஹினூர் கம்பெனியார் ‘பக்த விதுரர்’ என்ற படத்தை எடுத்தார்கள். மகாபாரதத்து விதுரர் அதில் கதராடையும் காந்திக் குல்லாயும் தரித்து நடமாடினார். ஒத்துழையாமை இயக்கம் தேசமெங்கும் கொழுந்து விட்டெரிந்த வருஷம் அது. விதுரர் யார் என்று ஜனங்களுக்கும் புரிந்தது, அதிகாரிகளுக்கும் புரிந்தது. கராச்சியிலும் சென்னையிலும் படத்தைத் தடை செய்தார்கள். நம் பாட்டன்மார் அதைப் பார்த்துவிட்டு நன்றாயிருக்கிறது என்றோ, மோசம் என்றோ சொல்லும் உரிமை அத்துடன் போயிற்று. படமும் இன்று இல்லை.

அப்படியானால் தீர்ப்பை முழுவதும் ஜனங்களிடமே விட்டுவிடலாமா? அவசரப்படக் கூடாது. அகஸ்தீசுவரத்தில் பிறந்த ஜே. சி. டேனியல், கேரளத்தின் முதல் படமான ‘விகதகுமாரன்’ என்ற மௌனப் படத்தைத் திருவனந்தபுரத்தில் வெளியிட்டார். வருஷம் 1928 என்பாரும் உண்டு, 1930 என்பாரும் உண்டு. அதில் நாயர் குலப் பெண்ணாக நடித்தவர் பி. கே. ரோஸி, தாழ்த்தப்பட்ட சமூகத்தில் பிறந்தவர். பிறப்பால் தாழ்ந்தவளென்று தாங்கள் கருதிய பெண் உயர்குலத்தவளாகத் திரையில் தோன்றுவதா என்று கூட்டம் ஆத்திரம் கொண்டது. கொட்டகையில் கலகம் நடந்தது; ரோஸி ஊரை விட்டே ஓடித் தமிழ்நாட்டில் வந்து மறைந்து வாழ நேர்ந்தது. பின்னர் அவர் நடிக்கவேயில்லை. கூட்டம் படத்துக்குத் தீர்ப்புச் சொல்லவில்லை; ஒரு பெண்ணின் பிறப்புக்குத் தீர்ப்புச் சொல்லிற்று. கமிஷனர் செய்தது அநீதி என்றால் இது அதைவிடப் பெரிய அநீதி.

எல்லாருக்கும் மேலான நீதிபதி காலம். அவர் கல்வி, கலை, குலம் ஒன்றையும் பார்க்கவில்லை. இந்தியாவில் எடுத்த மௌனப் படங்கள் சுமார் 1,300 என்று கணக்கு. அவற்றில் இன்று எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. அவற்றிலும் பல அரையும் குறையுமே. பழைய சுருள்கள் எளிதில் தீப்பற்றக்கூடிய நைட்ரேட் வஸ்துவால் ஆனவை. எரிந்தவை போக, அவற்றிலுள்ள வெள்ளிக்காக உருக்கப்பட்டவையும் உண்டு. மோட்டார் சாமான் வியாபாரம் செய்துவந்த ஆர். நடராஜ முதலியார், 1917-ஐ ஒட்டிச் சென்னையில் எடுத்த ‘கீசக வதம்’ என்ற தென்னாட்டின் முதல் கதைப்படத்தை நாம் இனிப் பார்க்க முடியாது. ‘மார்த்தாண்ட வர்மா’ என்ற 1933-ம் வருஷத்துப் படம் பிழைத்ததற்குக் காரணமோ விசித்திரமானது. நாவலைப் பதிப்பித்த புத்தகக் கடைக்காரர் உரிமை கோரிக் கோர்ட்டுக்குப் போய்ப் படத்தை நிறுத்திவிட்டார். சுருள் அவரிடமே கிடந்தது. 1974-ல் புனாவிலுள்ள தேசீயத் திரைப்படக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஓடின படங்கள் ஒழிந்தன; ஓடாத படம் நிலைத்தது!

எங்கள் கமிட்டியின் வழக்கு

இவ்வளவையும் படித்தபின் பொறுக்கத் தொடங்கினேன். முதலில் என் பட்டதாரி ரஸனைக்கு உகந்ததாக, ஹிமான்சு ராய் தயாரித்த ‘பிரபஞ்ச பாசம்’ என்ற 1929-ம் வருஷத்துப் படத்தை எடுத்துக்கொண்டேன். மகாபாரதச் சூதாட்டத்தின் சாயலில் அமைந்த கதை; யானைகளும் அரண்மனைகளும் கண்ணை நிறைக்கும். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு பகுதியைக் காட்டிப் பரீக்ஷித்தேன். யானை வரும்போது பார்த்தார்கள். யானை போனதும் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

பிறகு, தாதா ஸாகேப் பால்கே 1919-ல் எடுத்த ‘காளிய மர்த்தனம்’. பால்கேயின் சிறு பெண் மந்தாகினி அதில் கிருஷ்ணனாக நடித்திருக்கிறாள். ஆரம்பத்தில் அந்தக் குழந்தையின் முகத்தையே அருகில் காட்டி, அது பல பாவங்களையும் காட்டிக் கிருஷ்ணனாக மாறுவதை நம் கண் முன்னே நடத்திக் காட்டுகிறார். பிள்ளைகள் வாய் மூடவில்லை. அடுத்து, சார்லி சாப்ளின் 1921-ல் எடுத்த ‘கிட்’. அனாதைக் குழந்தையை எடுத்து வளர்க்கும் ஓர் ஏழையின் கதை. பிள்ளைகள் சிரித்தார்கள், நடுவில் சிரிப்பு நின்றது, அப்புறம் எவனும் பக்கத்திலிருப்பவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கமிட்டியில் சர்ச்சை கிளம்பிற்று. “சுதேசிப் படம் இருக்க அந்நியப் படம் எதற்கு?” என்றார் பெரியவர் ஒருவர். காந்தியடிகள் சினிமா பார்க்கிற வழக்கமில்லாதவர். இருந்தும் 1931 செப்டம்பரில் சாப்ளின் அவரை லண்டனில் சந்தித்த இடம் கானிங் டவுன் என்ற, நம் ராயபுரம் போலத் துறைமுகத் தொழிலாளர் வாழ்ந்த பேட்டை என்று எடுத்துச் சொன்னேன். பெரியவர் சிரித்து, “சரி, இரண்டையும் காட்டுங்கள்” என்று இறங்கி வந்தார்.

ஆனால் என் மனத்துக்குள் வேறொரு சங்கடம். ‘கிட்’ படத்தின் ஆரம்பத்தில் வரும் தாய், மணமாகாமலே காதலனால் கைவிடப்பட்டவள். பள்ளிக்கூட வாத்தியார், குழந்தைகளும் ஸ்திரீகளும் நிறைந்த சபையில் அதை எப்படிச் சொல்வது? திரை அருகே நின்று விளக்கம் சொல்லும் வேலையும் எனக்குத்தான். எழுத்துக்கள் இங்கிலீஷில்; நான் தமிழில் எதைச் சொல்கிறேனோ அதுதானே கதை? ‘கணவனை இழந்த ஓர் அபலை’ என்று மாற்றிச் சொல்லிவிடத் தீர்மானித்தேன்.

தரையில் உட்கார்ந்த நீதிபதி

விழா நாள் மாலை பள்ளிக்கூட மண்டபத்தில் நாற்காலிகளை அகற்றிப் பாய் விரித்தோம். படத்தின் வேகத்தையும் முன்கூட்டியே சரி பார்த்திருந்தேன். மௌனப் படங்களைக் கையால் சுழற்றி, பெரும்பாலும் விநாடிக்கு 16 முதல் 20 வரையிலான பிம்பங்களாக எடுத்தார்கள். பேசும் படம் வந்த பிறகே 24 என்பது நிலைத்தது. பழைய படத்தை 24-ல் ஓட்டினால் மனிதர்கள் கோழிக்குஞ்சு போல ஓடுவார்கள். அழவேண்டிய இடத்தில் ஜனங்கள் சிரிப்பார்கள். பழைய படங்களை நாம் கேலி செய்வதில் பாதி நம் கருவியின் குற்றமே.

பிரார்த்தனை ஹார்மோனியத்துடன் பையன் ஒருவன் டோலக் தட்ட, ‘காளிய மர்த்தனம்’ ஆரம்பமாயிற்று. தண்ணீருக்குள் கிருஷ்ணன் பாம்புடன் போராடும் காட்சியில், குப்பத்து மீனவர் ஒருவர் தம் மகனிடம், “தலைமுடி மிதக்கலை பார், இது தண்ணியில்லை, கண்ணாடித் தொட்டிக்குப் பின்னாலே நடிக்கிற மாதிரி இருக்கு” என்று மெதுவாய்ச் சொன்னார். அடுத்த நிமிஷம், பாம்பின் தலைமேல் குழந்தை எழுந்து நின்றபோது, அவரே கை கூப்பினார். தந்திரத்தைக் கண்டுபிடித்த கண்ணும் கும்பிட்ட கையும் ஒரே மனிதருடையவை. எந்த விமரிசகருக்கு இது கைகூடும்?

பிறகு ‘கிட்’. நான் கனைத்துக்கொண்டு, “பாவம், கணவனை இழந்த ஒரு பெண்” என்று ஆரம்பித்தேன். திரையில் சித்திரக்காரன் ஒருவன் தோன்றினான். அவளுடைய புகைப்படம் கணப்பு நெருப்பில் விழுகிறது, எடுத்துப் பார்க்கிறான், கருகியிருப்பதைக் கண்டு மறுபடியும் நெருப்பிலேயே போட்டுவிட்டு வேலையைப் பார்க்கிறான். முன் வரிசையிலிருந்து ஒரு பாட்டியின் குரல் எழுந்தது:

“வாத்தியாரே, புருஷன் எங்கே செத்தான்? அதோ இருக்கானே! அவ படத்தையே நெருப்புலே போட்டுட்டுக் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கான் பாருங்க. பாவம் அவ இல்லை, பாவி அவன்.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சிரிப்பு அடங்கியபின் பாட்டி தணிவாகச் சொன்னாள்: “நீங்க கொஞ்சம் சும்மா இருங்க சார், எங்களுக்கே தெரியுது.”

நான் சும்மா இருந்தேன். போலீஸ் கமிஷனரை இகழ்ந்து குறிப்பெழுதிய கை என்னுடையது; அதே நாற்காலியில் நான் ஏறி உட்கார்ந்திருந்ததை அந்தப் பாட்டி ஒரு வாக்கியத்தில் காட்டிவிட்டாள். எந்த வீட்டிலும் நடக்காததா? யாரும் அறியாததா? அந்தத் தாயைத் தரையில் உட்கார்ந்திருந்த ஸ்திரீகள் ஒருவரும் பழிக்கவில்லை. திருவனந்தபுரத்துக் கூட்டத்தைப் பற்றிப் படித்ததிலிருந்து எனக்குள் இருந்த பயம் அப்போதுதான் தெளிந்தது.

அனாதை விடுதி அதிகாரிகள் குழந்தையைப் பறித்து வண்டியில் ஏற்றும் இடத்தில், சிறுவன் ஜாக்கி கூகன் கைகளை நீட்டிக் கதறுகிறான். சப்தமே இல்லாத அந்தக் கதறலில் மண்டபம் முழுவதும் ஸ்தம்பித்தது. டோலக் பையனும் கையை நிறுத்திவிட்டான். தகப்பனை இழந்து தாய்மாமன் வீட்டில் வளரும் என் மாணவன் ஒருவன் பின் வரிசையில் இருந்தான், பதின்மூன்று வயசு, வகுப்பில் பெரிய மனிதனைப் போல நடப்பவன். அவன் மெல்ல நகர்ந்து போய் மாமனின் தோளோடு தோளாக ஒட்டிக்கொண்டதை விளக்கொளியில் பார்த்தேன். லாரி ஓட்டும் அந்த மாமன் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே அவன் முதுகில் கையைப் போட்டுக்கொண்டார். அதைவிடத் தீர்ப்பு எழுத எனக்கு எழுத்து வராது.

மறு நாள் வாசகசாலையில் கணக்கு எழுதும் நோட்டை எடுத்து, அந்தச் சிகாகோப் பத்திரிகையின் மாதிரியில் நாலு வரி குறித்து வைத்தேன். படங்களின் பெயர்கள், வருஷங்கள், ஊர்: திருவொற்றியூர், வந்தவர்கள்: தெருவார். “இரண்டும் நல்ல படங்கள். விளக்கம் சொல்பவர் வேண்டாம்.”

நேயர்களும் ஒரு முறை செய்து பார்க்கலாம். பழைய படங்கள் பல இப்போது வீட்டிலிருந்தபடியே காணக் கிடைக்கின்றன. ஆனால் தனியே பார்க்கவேண்டாம். சமையற்காரம்மாளையும், வாசலில் மீன் விற்கிறவரையும், எதிர் வீட்டுக் குழந்தைகளையும் கூட அழையுங்கள். வேகத்தைச் சரி பாருங்கள். முக்கியமாக, நீங்களும் தரையிலேயே உட்காருங்கள். படம் நல்லதா என்று தீர்மானிப்பதற்கு முன்னால், அவர்கள் முகத்தை ஒரு தடவை திரும்பிப் பாருங்கள்.

“யார் பார்க்கப் போகிறார்கள்?” என்று கேட்ட என் மனைவி அன்றிரவு வீடு திரும்பும்போது ஒன்றும் பேசவில்லை. வாசற்படி ஏறும்போது மட்டும், “அடுத்த வருஷம் எந்தப் படம்?” என்று கேட்டாள். “பாட்டியைக் கேட்டுச் சொல்கிறேன்” என்றேன்.